மூன்றாவது ஓட்டம்

கெட்டிக்காரருக்கும் சுமாரானவருக்கும் என்ன வித்தியாசம் என்று என் டீச்சரிடம் ஒரு தடவை கேட்டேன். பதில் சொல்வதற்கு அவர் ஒரு சாக்கு கேட்டார். கோணிச் சாக்கு. அதுவரை நான் அவரிடம் சொல்லிவந்த சாக்குகள் வேறு வகை.

டீச்சர் பெயர் ஞானசௌந்தரி. அப்போது அவருக்கு இருபத்து நாலு வயது. எனக்கு முப்பத்திரண்டு. குருவைவிடச் சீடனுக்கு எட்டு வயது கூட. அதனால் நான் அவரை டீச்சர் என்பேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார்.

கோவில்பட்டியில் ஒரு கடலை மிட்டாய்க் கடைக்கு மேல் மாடியில் இருந்தது, கிருபா தட்டச்சு சுருக்கெழுத்துப் பயிலகம். டீச்சரின் அப்பா ஆரம்பித்தது. கீழே வெல்லப்பாகு கொதிக்கும். மேலே நாங்கள் எழுதுவோம். இன்றைக்கும் பாகு வாசனை பட்டால் என் வலது கை விரல்கள் பென்சில் பிடிக்கிற மாதிரி தாமாகவே மடங்குகின்றன.

நான் தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். எப்போது வேண்டுமானாலும் ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று சொல்லிவிடக்கூடிய வேலை. சர்க்கார் வேலைக்கு மனுப் போடும் வயது எனக்கு அடுத்த வருஷம் ஆடியோடு முடிகிறது. அதற்குள் தமிழ்ச் சுருக்கெழுத்தில் சீனியர் பாஸ் செய்துவிட்டால் ஸ்டெனோ ஆகலாம். இல்லையென்றால் ஆயுசுக்கும் லேபிள்தான். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரும் அந்தப் பரீட்சையை ஒரு தடவை எழுதித் தோற்றிருந்தேன்.

உழைப்பில் என்னைக் குறை சொல்ல முடியாது. மற்றவர்கள் மாதம் ஒரு நோட்டு எழுதினால் நான் மூன்று எழுதுவேன். எழுதி முடித்த நோட்டுகளை வீட்டுப் பரணில் அடுக்கி வைத்திருந்தேன். விருந்தாளி வந்தால் அண்ணாந்து பார்க்கும்படி அடுக்கியிருந்தேன். பயிலகத்தில் எனக்கு ‘நோட்டு அண்ணாச்சி’ என்றே பெயர். அதைப் பட்டமென்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி கோமுவுக்கு அப்படி மயக்கம் எதுவும் இல்லை. “எடைக்குப் போட்டா ஒரு எவர்சில்வர் குடம் வரும்” என்பாள்.

வகுப்பு மாலை ஆறிலிருந்து ஏழு வரை. டீச்சர் கழுத்தில் ஸ்டாப் வாட்ச் தொங்கும். ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரலில் வாசிப்பார். கல்யாணச் செய்தியானாலும் கருமாதிச் செய்தியானாலும் ஒரே குரல். அவர் நிறுத்தாமல் வாசிக்க வாசிக்க நாங்கள் சுருக்கெழுத்தில் எழுதுவதற்குப் பெயர் ஓட்டம். தினமும் மூன்று ஓட்டம் உண்டு. முதல் இரண்டு ஓட்டத்தை அங்கேயே தமிழில் விரித்து எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் திருத்துவார். மூன்றாவது ஓட்டம் கை வேகத்துக்கு. அதை விரித்தெழுத நேரம் இருக்காது.

“வீட்டுல போய்த் திருப்பிப் படிங்க” என்பார்.

தினமும் சொல்வார். பதினாலு பேரும் தினமும் தலையாட்டுவோம்.

எங்களில் சங்கரவடிவு என்று ஒருத்தி இருந்தாள். நூற்பாலையில் வேலை பார்த்துக்கொண்டே படித்தவள். அவளிடம் ஒரே ஒரு நோட்டுதான் இருக்கும். அது தீர இரண்டு மாதம் ஆகும். எழுதும்போது வேர்க்காது, உதட்டைக் கடிக்க மாட்டாள். பென்சிலையும் என்னைப் போல ஆறு சீவி வைக்க மாட்டாள். ஒன்றுதான். அவள் முதல் தடவையிலேயே சீனியர் பாஸ். அடுத்து அதற்கும் மேலே ஹைஸ்பீடு பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அவள்மேல் பொறாமை. ஒளிப்பானேன்? நல்ல பொறாமை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் தீப்பெட்டி ஆபீஸுக்குச் சைக்கிளில் போகும்போது அவள் பயிலகத்து மாடிப்படியிலிருந்து இறங்கி வருவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். சனிக்கிழமை வகுப்பே கிடையாது. சரி, இவளுக்கு மட்டும் தனிப் பாடம் நடக்கிறது என்று முடிவு கட்டினேன். ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

இரண்டாவது பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. நான் விரித்தெழுதிய தாளை டீச்சர் திருத்திக்கொண்டே வந்தவர், ஒரு வரியில் நின்றார். பிறகு அதே ஏற்ற இறக்கமில்லாத குரலில் வாசித்தார்.

“‘அமைச்சர் நேற்று மாலை புதிய போதையைத் திறந்து வைத்தார். பொதுமக்கள் திரண்டு வந்து பாராட்டினர்.’”

மற்றப் பதிமூன்று பேரும் சிரித்தார்கள். பக்கத்து அறையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர்கள்கூட மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

இது எங்கள் ஆட்களுக்கு மட்டும் வரும் தப்பு. சுருக்கெழுத்தில் மெய்யெழுத்துக்குத்தான் கோடு. உயிரெழுத்துக்கு உள்ள புள்ளிகளை வேகத்தில் யாரும் வைப்பதில்லை. கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். ப, த இரண்டையும் சேர்த்து நோட்டின் வரிக்குச் சற்று மேலே எழுதினால் ‘பாதை’. அதே கோடு இறங்கி வரியில் உட்கார்ந்துவிட்டால் ‘போதை’. என் பாதை உட்கார்ந்திருந்தது.

“கை கொஞ்சம் இறங்கிட்டு டீச்சர்” என்றேன்.

“கை இறங்கலாம் அண்ணாச்சி. எழுதுனதைப் படிக்கும்போது கண்ணுமா இறங்கணும்?”

அந்தப் பரீட்சையிலும் தோற்றேன்.

முடிவு வந்த அன்று மாலை எல்லோரும் போகிறவரை உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஒரே ஒரு பரீட்சை பாக்கி. அதற்குப் பிறகு ஆடி வந்துவிடும். கோமுவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவள் எதுவும் கேட்க மாட்டாள், அதுதான் பெரிய கஷ்டம்.

டீச்சர் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார்.

“டீச்சர், ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“சங்கரவடிவைவிட நான் ஆறு மடங்கு எழுதுதேன். அவ பாஸ், நான் பெயில். அவளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? மூளையா?”

“இல்ல.”

“வயசா?”

“இல்ல.”

“பெறகு?”

“வீட்டுல சாக்கு இருக்கா?”

“இருக்கு.”

“நீங்க எழுதின நோட்டு எல்லாத்தையும் அதுல போட்டு நாளைக்குக் கொண்டு வாங்க.”

மறுநாள் சைக்கிள் கேரியரில் சாக்கைக் கட்டி வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். மிட்டாய்க் கடைக்காரர், “என்ன அண்ணாச்சி, கடலை மூட்டையா?” என்று கேட்டார். மாடிக்கு ஏற்றுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. நாற்பத்தொரு நோட்டு. அவ்வளவு அவமானத்திலும் எனக்கு ஒரு சின்னப் பெருமை இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

டீச்சர் சாக்குக்குள் கையை விட்டு ஒரு நோட்டை எடுத்தார். நடுவில் பிரித்து என்னிடம் நீட்டினார்.

“வாசிங்க.”

பார்த்தேன். என் கையெழுத்துதான், என் பென்சில்தான். ‘மாண்புமிகு’ என்று தொடங்கியது, பிறகு காடு.

“வாசிங்க அண்ணாச்சி.”

“இது போன வருஷம் எழுதினது டீச்சர்.”

இன்னொன்றை எடுத்தார். “இது?”

“அது ஆனியில.”

மேலாக இருந்ததை எடுத்தார். “இது போன வாரம்.”

அதிலும் நாலு வரி தாண்ட முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

டீச்சர், சங்கரவடிவைக் கூப்பிட்டு அவள் நோட்டை எங்காவது பிரித்து வாசிக்கச் சொன்னார். அவள் தந்திப் பேப்பர் வாசிக்கிற மாதிரி கடகடவென்று வாசித்தாள். அதிலும் ஒரு இடத்தில் நின்று, “இந்தக் கோடு தப்பு” என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டேன்.

“அவளுக்குச் சனிக்கிழமை சனிக்கிழமை தனியா பாடம் எடுக்கீங்க. என்னையும் கூப்பிட்டிருந்தா நானும் வாசிப்பேன்.”

சங்கரவடிவு டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் என்னைப் பார்த்தார்.

“உங்களையும் கூப்பிட்டேனே அண்ணாச்சி.”

“எப்போ?”

“வெள்ளிக்கிழமைதோறும் கூப்பிட்டேன்.”

“என்னையா? எங்க வச்சு?”

“இங்க வச்சுதான்.” சாக்கைக் காலால் என் பக்கம் நகர்த்தினார். “தேடுங்க.”

வீட்டுக்குக் கொண்டு போய்த் தேட ஆரம்பித்தேன். எதைத் தேடுகிறேன் என்றே தெரியாது. காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம், சாயங்காலம் வகுப்பு முடிந்து ஒரு மணி நேரம். புதிதாக எழுதுவதை நிறுத்திவிட்டு, எழுதியதை எழுத்துக் கூட்டி வாசித்தேன். முதல் நாள் அரைப் பக்கம். மூன்றாம் நாள் ஒரு பக்கம். சத்தம் போட்டு வாசித்தால்தான் பிடிபட்டது.

கோமு முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கு அது ரேடியோ மாதிரி. நான் தப்பாக வாசித்தால் சிரிப்பாள்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, ஒரு வெள்ளிக்கிழமையின் மூன்றாவது ஓட்டம். வேளாண்மை பற்றியது.

“‘உழவர்கள் தரமான விதைகளைத் தேர்வு செய்து நேர்த்தி செய்தல் அவசியம் இதைத் திருப்பிப் படித்தவர் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வரவும் பாத்தி கட்டிய பின் நீர் பாய்ச்ச வேண்டும்...’”

வாசித்துக்கொண்டே போய்விட்டேன்.

“இங்கேருங்க” என்றாள் கோமு. “விதை ஊறப் போடுததுக்கு எதுக்குங்க ஏழு மணிக்கு வரணும்?”

நின்றேன். திரும்பிப் போனேன். மறுபடியும் வாசித்தேன்.

என் கையெழுத்து. கோடு அழகாக விழுந்திருந்தது. ‘ஏழு மணி’யில் ஒரு பிசகும் இல்லை. அந்த ஒரு வரியை நான் வெகு சுத்தமாக எழுதியிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமையைத் தேடி எடுத்தேன். கூட்டுறவுச் சங்கம் பற்றிய ஓட்டத்துக்கு நடுவில் அதே அழைப்பு. அதற்கடுத்த வெள்ளி, சாலைப் பாதுகாப்பு. அதிலும் இருந்தது. பயிலகத்தில் சேர்ந்த இரண்டாம் மாதத்திலிருந்து, நான் போன ஒவ்வொரு வெள்ளியும் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். முப்பத்தேழு தடவை. முப்பத்தேழையும் நானே என் கையால் எழுதி, பக்கத்தைப் புரட்டி, பரணில் அடுக்கி வைத்திருந்தேன்.

எழுதும்போது எங்களுக்குக் காது கேட்கும், மனசு கேட்காது. ஒலி காதில் விழுந்து கை வழியாக வெளியே போய்விடும். இடையில் நாங்கள் இருப்பதில்லை. சுருக்கெழுத்துக்காரர்களின் வியாதி அது. திருப்பிப் படித்தால்தான் நாம் எழுதியது நமக்கே வந்து சேரும்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோமு கீரையை அப்படியே வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் டீச்சரிடம் போனேன். அழுகை போய்க் கோபம் வந்திருந்தது.

“நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டீச்சர். ரெண்டு பரீட்சை போயிட்டே.”

“சொன்னேன் அண்ணாச்சி. நீங்க எழுதவே செஞ்சீங்க.”



சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மாடியேறினேன். ஜன்னல் வழியாக வெயில் விழுந்திருந்தது. சங்கரவடிவு ஒரு மூலையில் நோட்டைப் பிரித்து வாசித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் ஒவ்வொரு தட்டச்சு மெஷினாகத் திறந்து எழுத்துகளுக்கு நடுவில் இருந்த மை அழுக்கைப் பழைய பல் பிரஷால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் என் இடத்தில் உட்கார்ந்து, பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கால் மணி நேரம் போயிற்று.

“பாடம் எப்போ டீச்சர்?”

சங்கரவடிவு நோட்டிலிருந்து நிமிர்ந்தாள். “அண்ணாச்சி, இங்க பாடமே கிடையாது.”

“பெறகு என்ன செய்யுத?”

“இந்த வாரம் எழுதினதைப் படிக்கேன். தப்பாப் போன கோட்டுக்குக் கீழ சிவப்புப் பென்சில் போடுவேன். போட்டதை மட்டும் பத்து தடவை சரியா எழுதுவேன். எட்டு மணிக்கு இறங்கிருவேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“அதை வீட்டுல இருந்தே செய்யலாமே?”

“செய்யலாம்” என்றார் டீச்சர், மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல். “நீங்க செஞ்சீங்களா?”

நோட்டைப் பிரித்தேன்.

முதல் சனிக்கிழமை என் பக்கம் முழுக்கச் சிவப்பு. பயிலகத்தில் ஒரே ஒரு சிவப்புப் பென்சில்தான் இருந்தது. சங்கரவடிவு தன் பங்கை முடித்துவிட்டு என்னிடம் தருவாள். ஒரு மாதத்தில் அது பாதியாகத் தேய்ந்தது. பெரும் பங்கு நான் தேய்த்ததுதான்.

நல்லவன் என்று பெயர் எடுக்க வேண்டும் என்ற ஆசையில், கண்டுபிடித்த ரகசியத்தை மற்றப் பன்னிரண்டு பேருக்கும் சொன்னேன். ஒன்பது பேர் வந்தார்கள். அடுத்த வாரம் நாலு பேர். மூன்றாவது வாரம் மறுபடியும் நாங்கள் இரண்டு பேர்தான்.

“நான் எல்லார்ட்டயும் சொல்லிட்டேன் டீச்சர்” என்றேன், ஏமாற்றத்தோடு.

“நானும் தினமும் சொல்லிக்கிட்டுதான் இருக்கேன் அண்ணாச்சி.”

அந்த ஆறு மாதத்தில் நான் எழுதியது இரண்டு நோட்டு. கோமு பரணைப் பார்த்து, “என்னங்க, எவர்சில்வர் குடம் இந்த வருஷம் வராது போலயே” என்றாள். ஆனால் நான் வாசிக்கும்போது அவள் சிரிப்பது குறைந்துகொண்டே வந்தது. எனக்கு அதுதான் கணக்கு.

பரீட்சை நாள் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. விரித்தெழுதி முடித்தபோது பத்து நிமிஷம் மீதி இருந்தது. முந்தின தடவைகளில் அந்தப் பத்து நிமிஷத்தில் தாளைக் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போயிருந்தேன். இந்தத் தடவை உட்கார்ந்து படித்தேன். ‘பொதுமக்களிடம் மீன் பெற்ற மாவட்ட ஆட்சியர், உடனடி நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டார்’ என்று எழுதியிருந்தேன்.

மீனை அடித்துவிட்டு மனு என்று எழுதினேன். எனக்குச் சிரிப்பு வந்தது.

பாஸ்.

ஆடிக்கு முன்பே மனுப் போட்டு, தேர்வாகி, சென்னையில் ஒரு அரசு அலுவலகத்துக்கு உத்தரவு வந்தது. புறப்படுகிற அன்று கீழே கடையில் ஒரு கிலோ கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு மாடியேறினேன். சங்கரவடிவு அதற்கு முந்தின மாதமே ஹைஸ்பீடு முடித்து மதுரைக்குப் போய்விட்டிருந்தாள். டீச்சர் தனியாக இருந்தார். மிட்டாயை வாங்கி மேஜையில் வைத்தார்.

“கடைசியா ஒரு ஓட்டம் எழுதிட்டுப் போங்க அண்ணாச்சி.”

“ரயிலுக்கு நேரமாயிட்டே டீச்சர். கோமு ஸ்டேஷன்ல சாமான்களோட நிக்கா.”

“அஞ்சு நிமிஷம்.”

உட்கார்ந்தேன். அவர் ஸ்டாப் வாட்சை அமுக்கினார். வாசித்தார். பருவமழை பற்றி ஏதோ வந்தது. எழுதி முடித்து நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன்.

“வீட்டுல போய்த் திருப்பிப் படிங்க” என்றார்.

தலையாட்டிவிட்டு ஓடினேன்.

அதன்பிறகு இருபத்தாறு வருஷம் ஸ்டெனோவாக இருந்தேன். அலுவலகத்தில் எழுதியதை ஒரு நாளும் திருப்பிப் படிக்காமல் மேலே அனுப்பியதில்லை. ‘ஆவுடையப்பன் தயாரித்த கடிதமா, கையெழுத்துப் போடலாம்’ என்று அதிகாரிகள் வாசிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். அப்படி ஒரு பெயர் எடுத்தேன். ஆயிரக்கணக்கில் கடிதங்கள். எல்லாம் அடுத்தவர்கள் அடுத்தவர்களுக்கு எழுதியவை.

கோவில்பட்டிக்கு மூன்று நாலு கல்யாணங்களுக்குப் போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மாடியேறிப் பார்க்க நினைப்பேன். ஒவ்வொரு தடவையும் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் கழித்து, போன மாதம், கோமு பழைய தகரப் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தாள். மற்ற நோட்டுகள் எல்லாம் ஊரை விட்டு வரும்போதே எடைக்குப் போய்விட்டன. ரயிலில் என்னோடு வந்த கடைசி நோட்டு மட்டும் பெட்டியின் அடியில் கிடந்தது.

“இது வேணுமா? பேப்பர்காரர் வந்திருக்காரு.”

“கொஞ்சம் இரு.”

கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பழைய மாதிரி சத்தமாக வாசித்தேன்.

“‘பருவமழை குறித்த காலத்தில் தொடங்கியதால் அணைகளின் நீர்மட்டம் உயர்ந்து வருகிறது...’”

நின்றுவிட்டேன்.

“என்ன நிறுத்திட்டீங்க?”

மேலே வாசித்தேன்.

“‘...சொல்லிக் கொடுக்கிறவருக்கும் ஒரு பரீட்சை உண்டு அதன் முடிவு தெரிய நாளாகும் வேலையில் சேர்ந்து பழகியதும் எப்படி இருக்கிறது என்று ஒரு கடிதம் போடவும் காத்திருப்பேன் இதனால் விவசாயிகள் மகிழ்ச்சி தெரிவித்தனர்.’”

பேப்பர்காரர் வாசலில் தராசோடு நின்றுகொண்டிருந்தார். கோமு அவரைப் போகச் சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அந்தப் பிள்ளை தபால்காரரைப் பாத்துக்கிட்டே இருந்திருக்குமே” என்றாள்.

நான் ஸ்டெனோ வேலையில் கெட்டிக்காரன் ஆனது உண்மை. ஆனால் அந்த மாடியை விட்டு இறங்கிய அன்றே பழைய நோட்டு அண்ணாச்சியாகத்தான் இறங்கியிருக்கிறேன். இது எனக்குத் தெரிய இருபத்தெட்டு வருஷம் ஆயிற்று.

மகன், “நம்பர் கண்டுபிடிச்சுத் தரேன், போன் பண்ணுங்கப்பா” என்றான். கடிதம்தானே கேட்டிருக்கிறார்? வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் போட்டேன். வண்டி செங்கல்பட்டு தாண்டுவதற்குள் கடிதத்தை எழுதி முடித்தேன். சுருக்கெழுத்தில் எழுதினேன். அவருக்கு வேறு எதில் எழுதுவது? முழுதாக இரண்டு பக்கம். வேலையில் சேர்ந்தது, பெயர் எடுத்தது, கோமு, பிள்ளைகள், எல்லாம். மனசு நிறைந்து, மடித்து உறைக்குள் வைத்து, ஒட்டிவிட்டுப் படுத்தேன்.

சனிக்கிழமை காலை கோவில்பட்டியில் இறங்கி நேராகப் பயிலகத்துக்குப் போனேன். கீழே பாகு வாசனை. படி அதே பதினெட்டு. முட்டிதான் வேறு. மேலே தட்டச்சு மெஷின் இருந்த இடத்தில் கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒரு மூலையில் பஸ் கண்டக்டர் சட்டை போட்ட ஒருவர் நோட்டைப் பிரித்து, உதட்டை அசைத்து வாசித்துக்கொண்டிருந்தார். கையில் சிவப்புப் பென்சில்.

டீச்சர் பல் பிரஷால் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. கண்ணாடி வந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தார். ஒரு நிமிஷம் ஆனது.

“நோட்டு அண்ணாச்சி!”

உறையை நீட்டினேன்.

வாங்கிப் பிரித்தார். சுருக்கெழுத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சிரிப்பை இந்த ஜன்மத்துக்கும் மறக்க மாட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்தார். பிறகு உட்கார்ந்து, முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார்.

“ரிசல்ட் வந்துட்டு” என்றார்.

“லேட்டாயிட்டு டீச்சர்.”

“லேட்டா வந்தாலும் பாஸ் பாஸ்தான்.”

கீழே யாரோ கடலை வறுபடும் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் கடிதத்தின் இரண்டாவது பக்கத்தைத் திருப்பினார். ஒரு வரியில் விரலை வைத்தார். ஏற்றமும் இறக்கமும் இல்லாத அதே குரலில் வாசித்தார்.

“‘இத்தனை வருஷமும் நீங்கள் காட்டிய போதையில்தான் நான் தள்ளாடாமல் நடந்தேன்.’”

கண்டக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

எட்டிப் பார்த்தேன். ப, த. ரயில் ஆட்டத்தில் கோடு இறங்கி, வரியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

டீச்சர், கண்டக்டர் கையிலிருந்த சிவப்புப் பென்சிலைக் கேட்டு வாங்கிக் கடிதத்தின் மேல் வைத்து, இரண்டையும் என் பக்கம் நகர்த்தினார்.

“உக்காருங்க அண்ணாச்சி. மணி ஏழுதானே ஆகுது.”